கவிஞர் நடந்த மலையில் நான் வழி தப்பியது

மாலதி, ராஜேஷ், உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் நம் சக்குபள்ளத்து மலையில் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. முட்டி சொன்னபடி கேட்கவில்லை. இப்போது அந்த வேலையை நீங்கள் செய்கிறீர்கள். வண்டன்மேட்டிலிருந்தும் உடும்பஞ்சோலையிலிருந்தும் ஐந்தாறு பிள்ளைகள் உங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் மாலதி திருத்திவிடு. சங்கதியை மட்டும் திருத்தாதே.

அட்டை கடிக்காமல் காலுக்கு என்ன கட்டுவது, மழையில் எந்தக் கல் வழுக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை எழுதி என்ன ஆகப்போகிறது. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ராஜேஷ்தான். போன வாரம் ஹோம்ஸ்டே வாசலில் நின்று சென்னையிலிருந்து வந்தவர்களிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "எங்க அப்பா இங்கிலாந்துல மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்ட பன்னெண்டு பேர காப்பாத்தினவரு" என்று சொன்னாய். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டது உண்மை. மாட்டிவிட்டது யார் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை.

இங்கிலாந்திலிருந்து ஒரு டீச்சரம்மா நம் ஊருக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளை முடி, இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், கையில் எப்போதும் ஊன்றுகோல். அவர்கள் நாட்டில் முன்னொரு காலத்தில் ஒரு கவிஞர் இருந்தாராம். மலையில் நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவாராம். டீச்சரம்மா ஆயுசு முழுவதும் அந்த ஒரு கவிஞரைத்தான் படித்திருக்கிறார். பாலக்காட்டில் ஒரு காலேஜில் பேச வந்தவரை, அங்கே இங்கிலீஷ் நடத்துகிற ஒரு சார் நம் மலைக்கு அழைத்து வந்தார். சார் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். கோயமுத்தூர்க்காரர் மாதிரியே பேசுவார்.

மூன்றாம் நாள் நடையில் ஒரு வளைவில் டீச்சரம்மா நின்று, இந்தப் பாதை ஏன் நேராகப் போகாமல் இங்கே சாய்ந்து போகிறது என்று கேட்டார். இது ஆனைத்தாரை, ஆனைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து பதிந்த பாதை என்றேன். ஆனைக்கு உடம்பு பாரம். தேவையில்லாமல் ஒரு அடி ஏறாது. எந்தச் சரிவில் மூச்சு வாங்காதோ அந்தச் சரிவைத்தான் பிடிக்கும். ஆனைப்பிண்டம், அதுதான் ஆனைச்சாணி, புதிதாகக் கிடந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. பழைய தாரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஒன்று தண்ணீரில் கொண்டுபோய் விடும், இல்லையென்றால் மலையைத் தாண்டுகிற கணவாயில் விடும். எங்கள் ரோடு போட்ட எஞ்சினியர்மாரே ஆனையைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று நம் ஆட்கள் சொல்வதையும் சொன்னேன்.

அவர் பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அழைப்பு வந்தது. அந்தக் கவிஞரைப் பற்றி அவர்கள் ஊரில் ஒரு மாநாடு. அதில் ஒரு அமர்வு, நடப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் பேசுவதற்கு. நான் ஆனைத்தாரையைப் பற்றிப் பேச வேண்டும். சாரும் கட்டுரை வாசிக்க வருகிறார், நான் தமிழில் பேசினால் அவர் இங்கிலீஷில் சொல்வார் என்று எழுதியிருந்தது.

உங்கள் அம்மா அழைப்பை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஏங்க, பாட்டுக் கட்டுனவருக்கும் ஒங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள்.

"அவரும் நடந்தாரு, நானும் நடக்கேன்" என்றேன்.

"அவரு நடந்து பாட்டுக் கட்டுனாரு. நீங்க நடந்து செருப்புத் தேச்சீங்க. போயிட்டு வாங்க."

சாரைக் கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்தில் பார்த்தபோது அவர் காலில் புத்தம் புது மலையேறும் ஷூ. கறுப்பு ரப்பரில் முதலை முதுகு மாதிரி பல் பல்லாக அடிப்பாகம். விமானத்திலேயே கடித்துவிட்டது. இறங்கும்போது நொண்டினார்.

"ஏன் சார், ஊருலயே பத்து நாள் போட்டுப் பழக்கியிருக்கலாம்ல?"

"பேப்பர் எழுதவே நேரம் பத்தலீங்ண்ணா. மலையப் பத்தி முப்பது பக்கம் எழுதியிருக்கறனுங்க."

"எந்த மலையில ஏறியிருக்கீக?"

"பழனிக்குப் போனனுங்க. அதுவும் விஞ்ச்சுல."

மாநாடு ஒரு சின்ன ஊரில். நான்கு பக்கமும் மரமே இல்லாத மொட்டை மலை. புல்லும் பாறையும் செம்மறி ஆடும்தான். முதல் நாள் முழுவதும் கட்டுரைகள் வாசித்தார்கள். எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் வாசிப்பவர்கள் முகத்தைப் பார்த்தால் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் இல்லை என்று தெரிந்தது. ஒரே ஒரு வரிக்காக இரண்டு பேர் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் சாரிடம் மெல்லக் கேட்டேன்.

"என்ன சார் தகராறு?"

"அந்த வரியில வர்ற மலை, மலை இல்லியாமுங்க."

"பெறகு?"

"மனசாமுங்க."

"மலை மலையாவே இருந்தா என்ன கேடு?"

சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் முன் வரிசையே திரும்பியது. சண்டை போட்டவர்களில் உயரமான ஒரு பேராசிரியர், எங்களைக் கொஞ்ச நேரம் முறைத்தார். அவர் இனிமேலும் வருவார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்தான் நடை. அந்தக் கவிஞர் நடந்த மலையில் மாநாட்டுக்காரர்கள் பதினான்கு பேர் ஏறினோம். கூட்டிப் போனவர் அந்த ஊர்ப் பெண், நாற்பது வயதிருக்கும். சொந்தமாக ஆடு வளர்க்கிறார், வழிகாட்டி வேலையும் செய்கிறார். அதிகம் பேச மாட்டார். அவர் கால் வைப்பதைப் பார்த்ததுமே நம் ஜாதி என்று தெரிந்துகொண்டேன். தொழில் ஜாதியைச் சொல்கிறேன்.

மேலே ஓரிடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய கல்சுவர். அங்கே ஒரு இளைஞனுக்குக் கால் பிசகிவிட்டது. தரையில் ஊன்ற முடியவில்லை. வழிகாட்டியம்மா பலசாலியான இன்னொருவரைத் துணைக்கு எடுத்துக்கொண்டு அவனைக் கீழே கொண்டுபோனார். போவதற்கு முன் எல்லோரையும் சுவருக்கு மறைவில் உட்கார வைத்து, "நான் திரும்பி வரும்வரை இந்தச் சுவரை விட்டு அசையக் கூடாது" என்று சொன்னார். மற்றவர்களிடம் ஒரு தடவை சொன்னார். என்னைப் பார்த்துத் தனியாக இன்னொரு தடவை சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மிச்சம் பன்னிரண்டு பேர். என்னையும் சேர்த்து.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கியது. நம் ஊர் மேகம் மாதிரிதான், ஆனால் மரம் இல்லாததால் ஒரே அடியில் எல்லாம் மறைந்தது. பிறகு மழை, ஊசி மாதிரி. காற்று சுவரைத் தாண்டி வந்து குத்தியது. ஒரு மணி நேரம் ஆனது. வழிகாட்டியம்மா வரவில்லை. டீச்சரம்மாவுக்கு நடுக்கம் எடுத்தது. உதடு நீலமாக இருந்தது. என் கம்பளியை அவருக்குப் போர்த்தினேன். நடுக்கம் நிற்கவில்லை.

அப்போது அந்த உயரமான பேராசிரியர் எழுந்து என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பதினோரு முகமும் என் பக்கம் திரும்பியது.

"என்ன சார் சொல்றாரு?"

"நம்ம கிட்டயே ஒரு மலைக்காரர் இருக்கறப்போ எதுக்கு இங்க நனைஞ்சுட்டு உக்கோந்திருக்கோணும்ங்கறாரு. அண்ணா, எல்லாரும் உங்களைத்தானுங்க பாக்கறாங்க."

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள் பிள்ளைகளே. டீச்சரம்மாவின் நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, பதினோரு படித்த முகம் என்னை நம்பிப் பார்த்ததில் என் நெஞ்சு நிமிர்ந்தது. ஏலத்தோட்டத்தில் களை வெட்டியவனைப் பேராசிரியர்மார் "நீ சொல், நாங்கள் வருகிறோம்" என்று பார்க்கிறார்கள். அந்த நிமிஷம் "எனக்கு இந்த மலை தெரியாது" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வழிகாட்டியம்மா இறங்கிப்போன பக்கம் வெறும் பாறை, மேகத்தில் தடமே தெரியவில்லை. சுவரின் ஓரத்திலிருந்து வேறொரு பாதை போனது. நன்றாகத் தேய்ந்து, புல் படுத்து, சரிவில் சாய்வாக, மூச்சு வாங்காத பக்குவத்தில் இறங்கியது. அசல் ஆனைத்தாரை போலவே இருந்தது. மனிதன் வெட்டியது இல்லை, மிருகம் நடந்தது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். மிருகம் நடந்த பாதை பொய் சொல்லாது என்பதுதானே நான் முப்பது வருஷம் படித்த படிப்பு.

"போயிருவோம் சார். என் பின்னாலயே வரச் சொல்லுங்க" என்றேன்.

டீச்சரம்மாவை எனக்கு அடுத்ததாக வைத்துக்கொண்டேன். அவர் கை என் பையைப் பிடித்திருந்தது. கடைசியில் சார். கால் மணி நேரம் பாதை சொகுசாகப் போனது. பின்னால் யாரோ பாட்டுக்கூடப் பாடினார்கள். அந்தக் கவிஞரின் பாட்டாக இருக்கும். பிறகு பாதை கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது. ஒரு ஆள் அகலம், அரை ஆள் அகலம். இடது பக்கம் பாறை தோளை உரசியது. வலது பக்கம் வெறும் வெள்ளை.

ஆனை இவ்வளவு ஒடுக்கத்தில் போகாதே என்று மனசில் ஓடியது. ஓடியும் இன்னும் பத்து அடி வைத்தேன். அந்தப் பத்து அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

அப்போது முகத்தில் காற்று அடித்தது. அதுவரை முதுகில் அடித்த காற்று, இப்போது கீழேயிருந்து மேலே, தாடைக்கு அடியில் புகுந்து மூக்கில் ஏறியது. இந்தக் காற்று எனக்குத் தெரியும். நம் எல்லை மேட்டில், கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிற பாறை நுனியில் இதே காற்றுத்தான். தரை இருக்கும் இடத்தில் காற்று கீழேயிருந்து வராது.

கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினேன். டீச்சரம்மாவைப் பாறையோடு சேர்த்து உட்கார வைத்தேன். ஒரு கல்லை எடுத்து முன்னால் போட்டேன். சத்தமே வரவில்லை. இன்னொன்று போட்டேன். அதற்கும் வரவில்லை.

சார் பாறையைத் தடவித் தடவி ஒவ்வொருவராகக் கடந்து என்னிடம் வந்தார். "என்னாச்சுங்ண்ணா?"

"சார், வழி தப்பிருச்சு. முன்னால கெடங்கு, அடி தெரியாத பள்ளம். நான் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்தது. ஆனால் என்னை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "அப்படிச் சொல்ல வேண்டாமுங்க. நம்ம மானம் என்னாவறது? மழை சாஸ்தி, திரும்பிப் போலாம்னு சொல்லிக்கறனுங்க."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு வழியும் இருந்தது. நாலு அடி பின்னால் இடுக்கு மாதிரி ஒன்று கீழே இறங்கியதைப் பார்த்திருந்தேன். அதில் இறங்கிப் பார்த்தால் ஒருவேளை வழி கிடைக்கும், நான் தப்பவே இல்லை என்று ஆகிவிடும். நம் தொழிலில் ஆள் செத்தது முதல் தப்பில் குறைவு, பிள்ளைகளே. முதல் தப்பை மறைக்கப் போன இரண்டாவது வழியில்தான் அதிகம் செத்திருக்கிறார்கள். மழைதான் காரணம் என்று சொன்னால் என்ன ஆகும்? மழை விட்டதும் "மறுபடி போகலாமே" என்று யாராவது முன்னால் நடப்பார்கள். பாதை பாதை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

"மானம் இருக்கட்டும் சார். நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. எனக்கு இந்த மலை தெரியாது. தெரியும்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்தேன். இந்தப் பாதை கெடங்குல போய் விழுது. இதே பாதையில திரும்பி, சுவருக்கே போறோம். யாரும் புது வழி தேடக் கூடாது."

சார் ஒரு பெருமூச்சு விட்டு, வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். உயரமானவர் குரலை உயர்த்தி ஏதோ கேட்டார்.

"என்ன கேட்டாரு?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா."

"சொல்லுங்க சார்."

"பொறவு எதுக்குக் கூட்டியாந்தேன்னு கேக்கறாருங்க."

"சரியான கேள்விதான். எனக்குப் பெருமை கண்ணை மறைச்சிருச்சுன்னு சொல்லுங்க. திட்டுறத சுவருக்குப் போனப்பெறகு நல்லாத் திட்டட்டும். இப்ப ஒவ்வொருத்தரும் முன்னால இருக்கவங்க பையைப் பிடிக்கட்டும்."

அதைச் சார் சொன்னதும் டீச்சரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். அந்த நடுக்கத்திலும் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது கடைசியில் இருந்தவர் முதலாளாகிறார் இல்லையா. சார்தான் முன்னால் போக வேண்டும், பழனிக்கு விஞ்ச்சில் போன மனுஷன். வந்த மாதிரியே பாறையைத் தடவி வரிசையின் மறுகோடிக்குப் போனார். நான் கடைசியில் டீச்சரம்மாவின் முதுகுக்குப் பின்னால். அவர் தளர்ந்தால் தாங்குவதற்கு ஆள் வேண்டும். ஒரு இடத்தில் சார் நின்றுவிட்டார். வரும்போது நாங்கள் கவனிக்காத ஒரு கிளை. இரண்டும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன.

"அண்ணா, ரெண்டாப் பிரியுதுங்க. எதுங்க?"

எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்த வார்த்தை இரண்டாம் தடவை சுலபமாக வந்தது. "சார், குனிஞ்சு பாருங்க. ஒங்க புது ஷூத் தடம் எதுல இருக்கு?"

அவர் குனிந்ததில் பின்னால் வரிசையே இழுபட்டது. பிறகு, "முதலைத் தோலாட்டம் கெடக்குதுங்க. சோத்தாங்கைப் பக்கம்."

"அதுதான். போங்க."

அப்படித்தான் சுவருக்கு வந்து சேர்ந்தோம். டீச்சரம்மாவை நடுவில் உட்கார வைத்து, எல்லோரையும் ஆடு மாதிரி நெருக்கி உட்கார வைத்தேன். உயரமானவரைக் காற்று வரும் பக்கம் உட்காரச் சொன்னேன். அவர் முதுகு அகலம். மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம். வழிகாட்டியம்மா வந்தார். கால் பிசகினவனைக் கொண்டுபோகும் வழியில் ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டதால் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வந்ததும் தலைகளை எண்ணினார். பிறகு எங்கள் கால்களைப் பார்த்தார். அந்தச் சேறு சுவர் பக்கத்துச் சேறு இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா.

அவர் கேட்கும் முன்னே நான் எழுந்துபோய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நீங்கள் அசையாதே என்றீர்கள், நான் அசைந்தேன், இவர்களையும் கூட்டிப் போனேன். எங்கள் ஊரில் ஆனை நடந்த பாதையை நம்பலாம், அந்த நினைப்பில் போனேன்.

அவர் பார்வையில் கோபம் இருந்தது. பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். "ஆடு புல்லுக்குப் போகும். ஊருக்குப் போகாது. கெடங்கு விளிம்பில்தான் நல்ல புல் இருக்கும்."

சரியான வழி சுவருக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. முதல் ஐம்பது அடி வெறும் பாறை, தடமே இல்லை. தெரியாதவன் கண்ணுக்கு அது வழியாகவே படாது.

மறுநாள் என் அமர்வு. சார் எனக்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஆனை, இயற்கை, கவிஞரின் உள்ளம் என்று அழகாக இருந்தது. மேடைக்குப் போகும்போது அதை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"ஏனுங்ண்ணா, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு எழுதினனுங்க."

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நேத்து அந்தப் பாதையில வந்தவுக பாதிப் பேரு கீழ உக்காந்திருக்காக. அவுக முன்னால ஆனைத்தாரைப் பெருமைய எப்படிப் பேச?"

நான் தமிழில் பேசினேன், சார் சொன்னார். ஆனைத்தாரை என்ன என்று சொன்னேன். அதை நம்பி ஆட்டுத்தடத்தில் போனதைச் சொன்னேன். எங்கள் மலை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் மலைக்குச் சரி, உங்கள் மலைக்கு நான் நேற்றுப் பிறந்த பிள்ளை என்றேன். கெடங்குக் காற்றை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்ததும் எங்கள் மலைதான் என்பதையும் சொன்னேன், அதற்கு நன்றி சொல்ல வேண்டும் இல்லையா. கடைசியாக ஒன்று சொன்னேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கூட வருகிறவர்கள் பாதையைப் பார்த்து நடப்பதில்லை. வழிகாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். அதனால் முகம் பொய் சொல்லக் கூடாது. தெரியாது என்றால் தெரியாது என்று முகத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கை தட்டினார்கள். டீச்சரம்மா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்று தட்டினார். கதவோரம் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வழிகாட்டியம்மா நின்றிருந்தார். அவர் தட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்தார். முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் அதுதான். டீ நேரத்தில் உயரமானவர் ஒரு தட்டில் கேக் எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நேற்றுக் கத்தியதற்கு வருத்தம் என்றார். கேட்டது சரிதான் என்றேன். பிறகு அவர் ஆனையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். மனசு ஆனையா, நிஜ ஆனையா என்று கேட்கச் சொன்னேன். சார் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் கவலையில், ரோடு பிரிகிற முக்கில், ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'லண்டன் கண்ட சக்குபள்ளத்துச் சிங்கம்' என்று. லண்டனில் நான் விமானம் மாறியதோடு சரி. அதைக் கழற்றச் சொல்லி நான் சண்டை போடவில்லை, அதுவும் என் தப்பு. ஆனால் எனக்குப் பெருமை இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அது வேறு பொய். கெடங்கு விளிம்பில், மானம் போகும் என்று தெரிந்தே, பதினோரு பேர் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொன்னேனே, அதில்தான் பெருமை. ராஜேஷ், இனிமேல் விருந்தாளிகளிடம் கதை சொன்னால் அதைச் சொல். முழுதாகச் சொல்.

யாருக்கும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. கிளம்பும் நாள் பஸ் பதினோரு மணிக்கு. விடிந்ததும் சாரை எழுப்பாமல் நான் மட்டும் அந்த மலையில் ஏறினேன். வானம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. ஆட்டுத்தடத்தில் நடந்து அந்த நுனிக்குப் போய், பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு ஓடை, நூல் மாதிரி. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவருக்குத் திரும்பி வந்து, ஆட்டுத்தடம் சுவரை விட்டுப் பிரிகிற இடத்தில் குறுக்கே கற்களைத் தூக்கி வைத்தேன். சுவரிலிருந்து எடுக்கவில்லை, அது அவர்கள் முன்னோர் கட்டியது. சரிவில் உருண்டு கிடந்த கற்களாகப் பார்த்து எடுத்தேன். கணுக்கால் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். ஆடு தாண்டிக்கொள்ளும், மேகத்தில் வருகிற மனிதன் இடித்து நிற்பான். பத்து அடி பின்னால் போய், கண்ணை மூடிக்கொண்டு, குளிரில் அவசரமாக இறங்குகிறவன் மாதிரி நடந்து வந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கல்லை நகர்த்தி வைத்து, நாலாவது தடவைதான் கால் சரியாகக் கல்லில் இடித்தது. இரண்டு விரலில் ரத்தம் கட்டியது. அதன் பிறகு இறங்கினேன்.